செவ்வாய்க்கிழமை அந்தோணியார்

வணக்கம் சார்,

எங்கள் அம்மாச்சி செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போவார்கள். வீட்டில் சாவி காணவில்லை என்றால்கூட அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள். மேடைப்பேச்சு பற்றிய உங்கள் கட்டுரையில் அவரைப் பெரிய பேச்சாளர் என்று எழுதியிருந்தீர்கள். கோடி அற்புதரை நான் அப்படி நினைத்ததே இல்லை. மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதையைத்தான் சொல்கிறீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. மீன் கதை அழகான கதைதான், ஆனால் அவர் இறந்த மறு வருடமே எழுதப்பட்ட முதல் வரலாற்றில் அது கிடையாது. நான் நினைத்தது 1231 தவக்காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தை.

அதற்கு முன்னால் கொஞ்சம். லிஸ்பனில் பிறந்தவர், அகஸ்தீனியத் துறவி. மொராக்கோவில் கொல்லப்பட்ட 5 பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் போர்ச்சுகலின் கொய்ம்பிரா நகரத்துக்கு வந்தபோது, தானும் அப்படியே சாக வேண்டும் என்று 1220-ல் அவர்கள் சபைக்கே மாறி மொராக்கோவுக்குக் கிளம்பினார். போன இடத்தில் படுத்த படுக்கை. சரி, ஊர் திரும்பலாம் என்றால் கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. அப்புறம் இத்தாலியில் ஒரு மலை மடத்தில் அவரைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1222-ல் ஃபோர்லியில் துறவிகள் குருவாகும் ஒரு குருப்பட்ட விழா, பேச யாரும் தயாராக வரவில்லை, பிரான்சிஸ்கன்கள் இன்னொரு சபையினரான டொமினிக்கன்களைப் பார்க்க அவர்கள் நழுவ, கடைசியில் தலைவர் இவரை எழுப்பிவிட்டார். பாத்திரம் கழுவத்தான் லாயக்கு என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்களாம்.

இத்தாலியின் பதுவா நகரத்தில் 1231 தவக்காலம் முழுக்க தினமும் பேசினார். கோயில்கள் போதாமல் திறந்த வெளிக்குப் போனார்கள். 30,000 பேர் என்கிறது அந்த முதல் வரலாறு (கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வோம்). அங்கியில் ஒரு துண்டாவது வேண்டும் என்று கத்தரிக்கோலோடு வந்தார்களாம், அவரைச் சுற்றி வாட்டசாட்டமான இளைஞர்கள் காவல் நிற்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர் லத்தீனில் எழுதிவைத்த மறையுரைகள் வறண்டவை, வரிக்கு வரி பைபிள் மேற்கோள். அந்தக் குரல் காகிதத்தில் இல்லை.

ஆனால் அது நகரத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கந்துவட்டிக்காரர்களை அவர் விடாமல் சாடிக்கொண்டிருந்தார். கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் போடுவது அன்றைய வழக்கம். அந்த மார்ச் மாதமே பதுவா நகரம், சொத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் கடனாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது, 'சகோதரர் அந்தோணியின் வேண்டுகோளின்படி' என்று அதிலேயே எழுதி. என்னைக் கேட்டால் கோடியில் முதல் அற்புதம் இதுதான்.

எல்லா இடத்திலும் பேச்சு பலிக்கவில்லை. வெரோனாவுக்குப் போய், கைதிகளை விடும்படி எஸ்ஸெலினோ என்ற கொடுங்கோலனிடம் மன்றாடினார். வெறுங்கையோடுதான் திரும்பினார்.

அதே 1231, ஜூன் 13, வெள்ளிக்கிழமை. உடம்பு முடியாமல் மாட்டுவண்டியில் பதுவாவுக்குத் திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே ஆர்செல்லாவில் இறந்தார். வயது 36 இருக்கலாம். உடல் எங்களுக்குத்தான் என்று ஆர்செல்லாக்காரர்களும் நகரத்தாரும் அடித்துக்கொண்டதில் அடக்கம் 4 நாள் தள்ளிப்போய்ச் செவ்வாய்க்கிழமை நடந்தது. உங்கள் அம்மாச்சியின் செவ்வாய்க்கிழமை அங்கிருந்துதான் வருகிறது.