ஆயுத விற்பனைக்கு எதிராக ஒரு தோட்டப்புறச் சபை யாருக்கு எழுதுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். மியன்மாரின் சின் மாநிலத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் எங்களோடு ஆராதனைக்கு வருகிறார்கள். அவர்கள் கிராமங்களில் விமானத்திலிருந்து குண்டு விழுகிறது. ஆயுதம் விற்பதை நிறுத்துங்கள், பேசித் தீர்க்க வழி செய்யுங்கள் என்று குரல் கொடுக்க நினைக்கிறோம். மூப்பர்கள் சிலர் "இது அரசியல், சபைக்கு வேண்டாம்" என்கிறார்கள். டவுனில் பதாகை பிடித்து நின்றால் போலீஸ் பிரச்சினை வருமா? செம்பனைத் தோட்டத்துச் சபை எழுதும் கடிதத்தை யாராவது படிப்பார்களா?

பதில்: படிப்பார்கள், சகோதரி. ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி அதில் இருக்க வேண்டும். "உலகில் சமாதானம் நிலவட்டும்" என்று எழுதினால் ஒரு வரி நன்றி சொல்லிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். எந்தச் சட்டத்தின் கீழ், யாருக்கு, என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டால் ஓர் அதிகாரி தேடிப் பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

மியன்மார்மீது ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கட்டாய ஆயுதத் தடை எதையும் விதிக்கவில்லை. ஆயுதம் போகாமல் தடுங்கள் என்று பொதுச் சபைதான் 2021 ஜூன் 18ல் கேட்டுக்கொண்டது. ஆதரித்த 119 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அது வேண்டுகோள் மட்டுமே. அதனால் ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்திலும் வங்கியிலும் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு குறைந்தது 100 கோடி டாலர் ஆயுதமும் உதிரிப்பாகமும் மியன்மார் ராணுவத்துக்குப் போனதாகக் காட்டியது. சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் வழியாகப் போனதும் அதில் இருந்தது. சிங்கப்பூர் அரசு விசாரித்தது. ஆண்டுக்கு 110 மில்லியன் டாலருக்கு மேல் இருந்த அந்த வரத்து சுமார் 10 மில்லியனுக்கு இறங்கியதாக அடுத்த ஆண்டு அறிக்கை சொன்னது. குறிப்பாகக் கேட்டதற்குக் கிடைத்த பலன் இது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 2010ஆம் ஆண்டின் வியூக வாணிபச் சட்டம். ஆயுத ஏற்றுமதி மட்டுமல்ல, நம் துறைமுகத்தில் கப்பல் மாற்றி அனுப்புவதும், நடுவில் தரகு பார்ப்பதும் அதன் கீழ் வரும். பொறுப்பு முதலீடு, வாணிப, தொழில் அமைச்சுக்கு. இன்னின்னாருக்குப் பொருள் போய்ச் சேரக்கூடாது என்று பட்டியல் போடவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே உங்கள் முதல் கேள்வி: மியன்மார் ராணுவமும் அதற்குப் பொருள் வாங்கித் தரும் நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வி விஸ்மா புத்ராவுக்கு, அதாவது வெளியுறவு அமைச்சுக்கு. உலக ஆயுத வாணிப ஒப்பந்தத்தில் மலேசியா 2013 செப்டம்பரில் கையெழுத்திட்டது. இனப்படுகொலைக்கோ மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கோ பயன்படும் என்று தெரிந்தே ஆயுதம் அனுப்புவதை அதன் 6ஆம் பிரிவு தடை செய்கிறது. கையெழுத்து போட்டால் மட்டும் போதாது, அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதிப்படுத்த வேண்டும். எப்போது செய்வீர்கள் என்று கேளுங்கள். விமான எரிபொருளையும் விடாதீர்கள். அது ஆயுதம் இல்லைதான், ஆனால் அது இல்லாமல் குண்டு போடும் விமானம் எழும்பாது. பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றும் 2023ல் அதன்மேல் தடை கொண்டுவந்தன.

மூப்பர்களிடம் டர்பன் கதையைச் சொல்லுங்கள். 2008 ஏப்ரலில் ஆன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் ஜிம்பாப்வேக்கு 77 டன் தளவாடத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. ஜிம்பாப்வேயில் தேர்தல் முடிவை நிறுத்தி வைத்து எதிர்க்கட்சிக்காரர்களை அடித்துக்கொண்டிருந்த நேரம். துறைமுகத் தொழிலாளர் சங்கம் பெட்டிகளை இறக்க மாட்டோம் என்றது. நாட்டால் பகுதியின் ஆங்கிலிக்கன் பேராயர் ரூபின் பிலிப்பும் இன்னொரு திருச்சபை ஊழியரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு கொடுத்த அனுமதி சட்டப்படி சரிதானா என்பதுதான் அவர்கள் வாதம். நீதிமன்றம் தடை கொடுத்தது, கப்பல் சரக்கோடு கிளம்பிவிட்டது. பேராயர் கட்சிக்கொடி எதையும் பிடிக்கவில்லை, ஒரு அனுமதிச் சீட்டைத்தான் கேள்வி கேட்டார். தொழிற்சங்கம் வளர்த்த தோட்டப்புறத்து ஆட்களுக்கு இது எளிதில் புரியும்.

"பேச்சுவார்த்தை ஏட்டுச் சுரைக்காய்" என்று யாராவது சொன்னால், உங்கள் ஊரையே காட்டலாம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் வந்தது. அதே கம்யூனிஸ்ட் கட்சி கடைசியில் ஆயுதத்தைக் கீழே வைத்தது 1989 டிசம்பர் 2ல் தாய்லாந்தின் ஹாட்யாயில், மலேசியாவோடும் தாய்லாந்தோடும் உட்கார்ந்து கையெழுத்து போட்டபோது. மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992ல் ரோமில் முடிந்தது. அங்கே இரண்டு தரப்பையும் இரண்டு ஆண்டுக்கு மேல் பேச வைத்தவர்கள் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு. மியன்மாருக்கு ஆசியான் 2021 ஏப்ரலில் போட்ட ஐந்து அம்ச இணக்கம் இன்னும் சண்டையை நிறுத்தவில்லை, உண்மைதான். ஆயுதம் தடையில்லாமல் வரும்வரை பேசாமலே ஜெயித்துவிடலாம் என்று ராணுவம் நினைக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக நாம் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். ஜெபத்தில் பெயர் சொல்லுகிறவருக்கே கடிதம் எழுதுவது எப்படி வரம்பு மீறல் ஆகும் என்பதை மூப்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

போலீஸ் விஷயம். சபைக்குள் ஜெபக் கூட்டம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. டவுனில் பதாகையோடு நிற்பது 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தின் கீழ் வரும். மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், வாலிபர் ஐக்கியத்தில் இதைக் கவனியுங்கள். வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடாது, ஆகவே சபை வாசல் சரிவராது. 15 வயதுக்குக் கீழுள்ள ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வேண்டாம். குடியுரிமை இல்லாதவர்கள் கலந்துகொள்ளவே முடியாது. அதாவது யாருக்காகப் பேசுகிறீர்களோ அந்தச் சின் குடும்பங்கள் அங்கே நிற்கக்கூடாது. என்னைக் கேட்டால் பதாகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடிதம்.

அந்தக் குடும்பங்களின் பெயர், படம், கிராமப் பெயர் எதுவும் கடிதத்திலோ ஃபேஸ்புக்கிலோ வரக்கூடாது. மலேசியா அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. கையில் ஐ.நா. அட்டை இருந்தாலும் அவர்கள் நிலை ஆட்டம்தான், ஊரில் உறவினர்களும் இருக்கிறார்கள். உதாரணம் வேண்டுமானால் உலகம் அறிந்ததைச் சொல்லுங்கள்: 2021 செப்டம்பர் 18ல் சின் மாநிலத்தின் தந்த்லாங் ஊரில் தீப்பிடித்த வீட்டை அணைக்கப் போன பாப்டிஸ்ட் போதகர் சுங் பியாக் ஹும் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்களோடு ஆராதிக்கும் சின் குடும்பங்களில் ஒரு தம்பி "எங்கள் ஆட்களுக்கும் துப்பாக்கி வேண்டுமே" என்று கேட்டால் உபதேசம் செய்யாதீர்கள். வீடு எரிந்தவன் கேட்கிறான். நீங்கள் கேட்பது அவன் தலைமேல் பறக்கும் விமானத்துக்கு வரும் உதிரிப்பாகத்தையும் எரிபொருளையும் நிறுத்தச் சொல்லித்தான். அதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

கடிதம் மலாயில், ஒரு பக்கம், சபையின் முகவரித்தாளில், போதகர் கையெழுத்தோடு இருக்கட்டும். அமைச்சுக்கு அனுப்பும் அதே கடிதத்தை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு சாப்பு குத்தி வாங்கி வாருங்கள். இதை மக்களவையில் கேள்வியாகக் கேட்பீர்களா என்று நேரில் கேளுங்கள், கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே. அப்புறம் ஒரு பிரதி உங்கள் திருச்சபைத் தலைமைக்கு, மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனத்துக்கும் அனுப்பி வைக்கச் சொல்லி. ஆறு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தச் சாப்பு குத்திய தாளோடு திரும்பப் போங்கள்.