ரெண்டு பேர் சம்பளமும் சேர்ந்து முப்பதாயிரம், வாடகை வீடு. இப்ப குழந்தை பெத்துக்கலாமா, தள்ளிப்போடலாமா?

கல்யாணமாகி ரெண்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. அப்ப வீட்ல "என்ன, விசேஷம் ஏதும் இல்லையா"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க, இல்லேன்னா இந்தக் கேள்விய இங்க வந்து கேக்க மாட்டீங்க. எங்களுக்கு அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து 27,000 தான், உங்களவிட கம்மி, அதனால சொல்ல எனக்கு ரைட்ஸ் இருக்கு. காசு கணக்கு பாத்தா பிள்ள பெப்பாங்கன்னு சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க, வரும்போது எங்க மாச வாடகையையும் கையோட எடுத்துட்டு வாங்க.

மதுரை வில்லாபுரத்துல லைன் வீடு. 2021 கார்த்திகைல ஒரு ராத்திரி, வெளிய மழை, கரண்ட் வேற போயிருச்சு. எங்க மாமா (வீட்டுக்காரரத்தான் சொல்றேன்) தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள திருப்பிப் போட்டு செல்போன் லைட்டுல கணக்கு எழுத உக்காந்துட்டாரு. டயப்பர் ஒன்னு 12 ரூவா, நாளைக்கு ஆறு, மாசம் 2,160. எழுதிட்டு நிமிந்து பாத்து "ஏ புள்ள, இது என் பெட்ரோல் காச விட சாஸ்தி"ங்கிறாரு. அடுத்த வரில டெலிவரி 60,000. பக்கத்து வீட்டு அக்கா பிரைவேட்ல ஆபரேஷனுக்கு கட்டுன காசு அது, அதையே எங்களுக்கும் எழுதிட்டாரு. அந்த தாள பாத்து இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு படுத்துட்டோம். அந்த ஒரு வருஷம் மூணு மாசம் கூட தாங்கல, அது வேற கதை.

நடந்தது என்னன்னா, அவரு எழுதுனது எதுவுமே செலவாகல. எங்க அம்மாச்சி பழைய சுங்குடி சேலையா ஏழெட்டு கொண்டாந்து கிழிச்சு மடிச்சு அடுக்கிட்டுப் போயிருச்சு, துவைக்கத் துவைக்க பஞ்சு மாதிரி ஆகும் அது. டயப்பர் வெளியூர் போனா மட்டுந்தான். பிரசவம் பெரியாஸ்பத்திரில, பில்லுனு ஒன்னு இல்ல. நாள் தள்ளுனதுமே நர்சம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பத்த கவர்மெண்ட்ல பதிஞ்சதுக்கு குடுக்குற நம்பர்) வாங்கிருங்க, அது இல்லாம பர்த் சர்டிபிகேட்டுக்கு அலையணும். கர்ப்பிணிகளுக்கு கவர்மெண்ட் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமா 14,000, ஊட்டச்சத்து பெட்டியா 4,000, மொத்தம் 18,000, முதல் ரெண்டு பிரசவத்துக்கு உண்டு, பணம் தவணையாத்தான் வரும். ஒன்றரை மாசம், ரெண்டரை, மூன்றரைன்னு போடுற ஊசியும் சுகாதார நிலையத்துலயே சும்மா. கவர்மெண்ட் ஊசியான்னு மூஞ்சிய சுளிக்கிறவங்க சுளிச்சுக்கோங்க.

தாள்ல எழுதாம விட்டது என் சம்பளம். நான் கீழமாசி வீதி பக்கம் ஒரு மொத்தக் கடைல பில்லிங், 11,000. நாங்க வேலை பாத்தது 14 பேரு, கடை ரெக்கார்டுல எட்டு பேரு. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 26 வாரம் சம்பளத்தோட பிரசவ லீவு குடுக்கணும், இ.எஸ்.ஐ. (சம்பளத்துல பிடிக்கிற கவர்மெண்ட் இன்சூரன்ஸ்) பிடிச்சிருந்தா அந்த காச அங்கேயே வாங்கியிருக்கலாம். நான் போய் கேட்டதுக்கு "நீயும் எம் பொண்ணு மாதிரிதாம்மா, பிள்ளய பெத்துட்டு எப்ப வேணா வா"ன்னாரு முதலாளி. போனேன், என் சீட்டுல வேற பொண்ணு இருந்துச்சு. 16 மாசம் வீட்ல. பெருக்கிப் பாருங்க, 1,76,000. டயப்பராம் டயப்பரு.

அடுத்தது காதுகுத்து. இத ஏன் இங்க எழுதுறேன்னு கேக்காதீங்க, வயித்தெரிச்சல். செக்கானூரணி தாண்டி குலசாமி கோயில்ல கிடா வெட்டி, பந்தல், மைக்செட்டுன்னு 85,000. வேணாம்னு நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா சொன்னோம், "மொய் வந்துரும்ல"ன்னு எங்க அத்தை ஒரே பேச்சுல முடிச்சிட்டாங்க. வந்தது 62,000. எந்தம்பி பெயிண்டிங் வேலை பாக்குறவன், தாய்மாமன் சீருக்காக அரைப்பவுனு கம்மலும் பட்டுப்பாவாடையும் தட்டுல வச்சு கொண்டு வந்தான். எதை அடகு வச்சான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சொந்தபந்தத்த குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளைக்கு காய்ச்சல்னா ஓடி வர்றதும் அதே ஆளுகதான்.

உங்க கேள்விக்கு வர்றேன். முப்பதாயிரத்துல பிள்ள வளரும். ஆனா உங்க வைஃப் சம்பள சிலிப்புல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களான்னு இன்னைக்கே பாருங்க, இல்லேன்னா அவங்க சம்பளம் வராத ஒரு வருஷத்துக்கு காசு சேர்த்துட்டு அப்புறம் யோசிங்க. ஸ்கூல் கவலைய இப்பவே படாதீங்க, மாநகராட்சி ஸ்கூல்ல காலைச் சாப்பாடே போடுறாங்க, 2022ல அந்த திட்டத்த ஆரம்பிச்சதே நம்ம மதுரைலதான்.

மொய்ய மட்டும் வரவுல சேக்காதீங்க, அது கடன். வர்ற ஆவணில எங்க சின்ன மாமனார் பேத்திக்கு சடங்காம். நோட்ட எடுத்துப் பாத்துட்டேன், நமக்கு அவுக எழுதுனது 2,001.