ஏழு ஊர், ஒரே நாள், ஒரு கிளாஸ் ஒயின்

காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் சேர்ந்து வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி சுற்றுலா பற்றித்தான் இருக்கும். இந்த முறை நான்கு கடிதங்கள், நான்குமே ராமநாதபுரம் கடற்கரையைச் சுற்றி.

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். உறவினர்கள் எல்லாம் சேர்ந்து 14 பேர். ஓர் ஏற்பாட்டாளர் ‘கடலோரப் பாரம்பரியச் சுற்றுலா’ என்று வாட்ஸ்அப்பில் அட்டவணை அனுப்பியிருக்கிறார். ராமலிங்க விலாசம் அரண்மனை, அழகன்குளம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி. நடுவில் ஒரு பண்ணை வீட்டில் ‘பதநீர், ஒயின் சுவைத்தல்’. கூடவே வழிகாட்டி வருவாராம். காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 10 மணிக்குத் திரும்பிவிடலாமாம். தலைக்கு 2,400 ரூபாய், பாதி முன்பணம். கொடுக்கலாமா?

பதில்: முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர். அங்கிருந்து தேவிபட்டினம் போய் வர 30. திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை போய்த் திரும்ப 38. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55. அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய் வர 45. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170. ஏறக்குறைய 450 வந்துவிட்டது, இதில் அழகன்குளத்தைச் சேர்க்கவே இல்லை. 14 பேர் ஏறிய வேன் பாம்பன் பாலத்திலும் ஊர்களுக்குள்ளும் நின்று நின்று போக, மணிக்குச் சராசரி 50 என்றாலும் ஓட்டத்துக்கே 9 மணி நேரம். மிச்சம் 8. அதில் மூன்று வேளைச் சாப்பாடு, டீ, பாட்டிக்கு பாத்ரூம். ஏழு இடத்துக்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

அதுவும் சமமாகப் பிரியாது. ராமேஸ்வரம் கோயில் மதியம் நடை சாத்திவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும். 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வர 14 பேருக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். தனுஷ்கோடியிலோ பொழுது சாய்ந்தால் சோதனைச் சாவடியில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். காலையெல்லாம் ராமநாதபுரம் பக்கம் சுற்றிவிட்டு மூன்று மணிக்கு ராமேஸ்வரம் வந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். எது விட்டுப்போகும் என்று ஏற்பாட்டாளருக்கு இன்றைக்கே தெரியும். உங்களுக்கு அன்று மாலைதான் தெரியும்.

அடுத்து அழகன்குளம். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த பழைய துறைமுகம். தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும், ஆம்போரா எனும் மண்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்தது அந்தச் சாடிகளில்தான். யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர் கொண்டுவந்த தேறலை (மதுவை) சங்கப் புலவரும் பாடியிருக்கிறார். ஆக, இந்தக் கடற்கரையில் ‘ஒயின் சுவைத்தல்’ என்பதற்கு ரொம்ப நல்ல வரலாறு உண்டு, என்ன, அந்தச் சரக்கு வந்து 2,000 வருடம் ஆகிறது. ஊருக்குப் போய் நின்றால் பார்க்க அதிகம் இல்லை. அகழாய்வுக் குழியைத் தோண்டி முடித்ததும் மூடிவிடுவதுதான் வழக்கம். ‘ரோமானியத் துறைமுகம்’ என்று அட்டவணையில் ஒரு வரி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிடச் சொல்லி, அந்த நேரத்தை ராமலிங்க விலாசத்துக்குக் கொடுங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. போர், ராமாயணம், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பது என்று சுவர் முழுக்கக் கதை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் செல்லுபடியாகும், ஏனென்றால் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கிளாஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மது பரிமாற உரிமம் வேண்டும். கிளப் என்றால் எஃப்எல்2, ஹோட்டல் பார் என்றால் எஃப்எல்3. சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பண்ணை வீட்டில் கட்டணத்தோடு சேர்த்து ஊற்றிக் கொடுப்பதற்கு இதில் எங்கும் இடமில்லை. ‘வீட்டிலேயே திராட்சை ஊறப்போட்டது, ஆல்கஹால் கம்மி’ என்பார்கள். புளிக்கவைத்து மதுவாக்கினால், வீட்டில் செய்தாலும் மதுவிலக்குச் சட்டத்துக்குள்தான் வரும். கள்ளுக்கு 1987 ஜனவரி முதல் தடை. இதில் உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சட்டம் ஒப்பாத ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, அதைத் தரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கான தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பதநீராவது கிடைக்குமா என்றால், ஆயுத பூஜை சமயத்தில் கிடைக்காது. பனை பாளை விட்டுப் பதநீர் நிறைய இறங்குவது பங்குனி, சித்திரை, வைகாசியில். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். அந்தச் சுண்ணாம்புதான் புளிக்கவிடாமல் வைத்திருப்பது. அது இல்லையென்றால் வெயில் ஏறுவதற்குள் கள்தான். விடியலில் இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் வாங்கி, இரண்டு நுங்கைச் சீவிப் போட்டு, பட்டையின் மடிப்போரம் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். கையெல்லாம் ஒழுகும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் நல்ல பதநீர் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். புரட்டாசி, ஐப்பசியில் ஒருவர் பாட்டிலில் பதநீர் தருகிறார் என்றால் அது என்ன தண்ணீர் என்று அவரிடமே கேளுங்கள். அப்போது சுவைக்க வேறு இருக்கிறது. கீழக்கரைத் தொதல் ஒன்று போதும். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் கையெடுக்காமல் கிண்டியது, விரலில் ஒட்டும். அதே ஊரில் சீதக்காதி பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்மா பள்ளிவாசலையும் பாருங்கள். கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபமோ என்று தோன்றும். தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம்.

சரி, விலை. 14 பேருக்கு 33,600 ரூபாய். கிலோமீட்டருக்கு 25 ரூபாய் வேன் வாடகை என்று வைத்துக்கொண்டால் 450 கிலோமீட்டருக்கு 11,250. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், வழிகாட்டிக்கு ஒரு நாள் சம்பளம், சாப்பாடு எல்லாம் போட்டுப் பாருங்கள். மீதி அவருடைய லாபம். லாபம் வைப்பது தப்பில்லை, எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித்தரச் சொல்லுங்கள். வண்டி மஞ்சள் போர்டா என்றும் கேளுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் ராமநாதபுரத்தில் ஓர் இரவு தங்கி, முதல் நாள் அரண்மனை, திருப்புல்லாணி, கீழக்கரை, தேவிபட்டினம், மறுநாள் ராமேஸ்வரம் தீவு என்று இரண்டாகப் பிரித்துவிடுவேன். அறை வாடகை கூடும். பாட்டி இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே வருவார்.

கேள்வி: சுற்றுலா வழிகாட்டி ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, ‘ஒரிஜினல் கருப்பட்டி’ என்று இரண்டு கிலோ வாங்க வைத்தார். வீட்டில் உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மின்னுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கிய கருப்பாக இருக்கும். வாயில் போட்டால் இனிப்போடு சுண்ணாம்பின் லேசான கரிப்பு நாக்கில் நிற்கும். சீனி கலந்தது பளபளக்கும், கரிப்பே இருக்காது. எனக்கும் இது நடந்திருக்கிறது. டிரைவர் ‘நம்ம தெரிஞ்ச கடை’ என்றார், நான் பில்கூட வாங்காமல் ஐந்து கிலோ தூக்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் டிரைவருக்கு டீயோடு ஒரு கவரும் கொடுத்ததை வண்டியில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, எடை, விலை, தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சும்மா ஓலைக்கொட்டானில் வாங்கியது, பில்லும் இல்லை என்றால், பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து போனோம். தலைக்கு 3,000 கட்டியதில் தீவுப் படகுப் பயணமும் தனுஷ்கோடியும் அடக்கம். புயல் எச்சரிக்கையால் இரண்டும் இல்லை. ‘முன்பணம் திருப்பித் தரப்படாது என்று முதலிலேயே சொன்னோம்’ என்கிறார்கள்.

பதில்: புயல் ஏற்பாட்டாளர் குற்றமில்லை. ஆனால் எடுக்காத படகு டிக்கெட்டின் காசு அவர் பையில் இருக்க நியாயமும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் காலே வைக்க முடியாது. பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது, அதற்கு ரசீதும் உண்டு. அவர் டிக்கெட் எடுத்திருந்தால் ரசீதைக் காட்டட்டும், எடுக்கவில்லையென்றால் பணத்தைத் தரட்டும். (மாற்று ஏற்பாடு என்று மீன்பிடி வள்ளத்தில் ஏற்றப் பார்த்தால் ஏறாதீர்கள்.)

விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய திரை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கோவையிலேயே வழக்குப் போடலாம், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அது மாநில ஆணையத்தின் வேலை. உங்கள் தொகைக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. மாவட்ட ஆணையத்தின் நோட்டீஸ் போனதுமே பேச்சு மாறும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பில் கேட்டால், சுற்றுலா ஏற்பாட்டாளர் ‘ஜிஎஸ்டி போட்டால் கூட ஆகும், பரவாயில்லையா’ என்கிறார். தவிர, ராமேஸ்வரத்தில் பவளப்பாறைத் துண்டு 200 ரூபாய்க்கு வாங்கித்தருவதாகவும் சொன்னார். வாங்கலாமா?

பதில்: ஜிஎஸ்டி எண் வாங்கும் அளவுக்கு வியாபாரம் இல்லாதவர் வரி வாங்கவே கூடாது, ஆனால் வெறும் பில் தரலாம், தர வேண்டும். பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிகமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எண் இருப்பவர் என்றால் அது பில்லில் அச்சாகியிருக்க வேண்டும்.

பவளப்பாறை வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, விற்பவருக்கு மட்டுமல்ல, பையில் வைத்திருப்பவருக்கும் சிக்கல். ராமநாதபுரத்தில் இறங்கி ஒரு கிலோ முண்டு மிளகாய் வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, கருஞ்சிவப்பாக, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும்.