பழைய மிஷன் நண்பர்கள் ஏற்காட்டுக்கு மறுபடி வருகிறார்கள்: டூரிஸ்ட் விசா போதுமா?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு சின்ன சபைக்குச் செயலராக இருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து ஒரு சபையார் வந்து எங்கள் ஊரில் மருத்துவ முகாமும் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்.ஸும் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினார்கள். அவர்களில் எட்டுப் பேர் மறுபடி ஒரு வாரம் வர ஆசைப்படுகிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற டாக்டர். இன்னொருவர் சேலத்தில் பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அட்டை) வைத்திருக்கிறார். டூரிஸ்ட் விசாவில் வரலாமா? எங்கள் வீடுகளில் தங்க வைக்கலாமா? ஆலயக் கட்டடத்துக்குப் பணம் தருகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: டூரிஸ்ட் விசாவில் தாராளமாக வரலாம். ஊழியத்துக்கு வருகிறோம் என்ற எண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, பழகிய மனிதர்களைப் பார்க்க வரட்டும். அவர்கள் நினைவில் இருக்கும் இந்தியாவில் இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

டூரிஸ்ட் விசாவில் சுற்றிப் பார்க்கலாம், நண்பர்களைச் சந்திக்கலாம், ஆலயத்துக்குப் போய் ஆராதனையில் உட்காரலாம், பாடலாம், ஜெபிக்கலாம். பிரசங்கம் செய்வது, வழிபாட்டு இடங்களில் மதப் பேச்சு, துண்டுப்பிரதி கொடுப்பது, மதப் படங்களைப் போட்டுக் காட்டுவது, மதமாற்ற முயற்சி ஆகியவற்றை உள்துறை அமைச்சகத்தின் விசா விதிகள் தடுக்கின்றன. இது கிறிஸ்தவர்களுக்கென்று போட்ட விதி அல்ல. 2020 ஏப்ரலில் இந்த விதியை மீறியதாகச் சொல்லித்தான் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் சமய அமைப்பின் கூட்டத்துக்கு வந்திருந்த 960 வெளிநாட்டினரின் விசாவை ரத்து செய்து கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 2025 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தில், விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மிஷனரி விசா என்று தனியாக ஒன்று உண்டு. அது இ-விசாவாகக் கிடைக்காது. தூதரகம் வழியாக, இங்குள்ள நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வாரப் பயணத்துக்கு அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் எங்கே வரும் என்றால், நம் ஊர் மரியாதையில்தான். வெள்ளைக்கார விருந்தினர் வாசலில் கால் வைத்ததும் முன்வரிசையில் நாற்காலி போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், "ஐயா இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கைக் கையில் கொடுப்போம். அந்த இரண்டு வார்த்தை, தன் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் இருபது நிமிடச் சாட்சியாகிவிடும். வாலிபர் சங்கத் தம்பி ஒருவன் அதை முகநூலில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருப்பான். இதற்கு ஒரு வாரம் முன்பே பஸ் நிறுத்தத்துப் பக்கம் "நற்செய்திப் பெருவிழா, சிறப்புச் செய்தியாளர்: இங்கிலாந்து" என்று ஃபிளெக்ஸ் தொங்கும். புகார் கொடுக்க வருகிறவருக்கு வேறு ஆதாரமே வேண்டாம், நாமே அச்சடித்துத் தந்துவிட்டோம். ஆகவே பேனர் வேண்டாம், நேரலை வேண்டாம். பிரசங்கத்தை உங்கள் போதகரே செய்யட்டும், வரவேற்பையும் அவரே சொல்லட்டும். விருந்தினர் பேச நினைப்பதை ஆராதனை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், மைக் இல்லாமல் பேசிக்கொள்ளலாம். மலைக் கிராமங்களுக்கு வீடு வீடாக ஜெபிக்க அழைத்துப் போகும் பழக்கத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

"தமிழ்நாட்டில்தான் மதமாற்றத் தடைச் சட்டம் இல்லையே" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். இல்லைதான். 2002-ல் கொண்டுவந்ததை 2004-லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விசா மத்திய அரசின் விஷயம். மாநிலச் சட்டம் இல்லை என்பது இங்கே கைகொடுக்காது.

ஓ.சி.ஐ. அட்டைக்காரர், "நான் சேலத்துக்காரன், எனக்கென்ன" என்பார். 2021 மார்ச் அறிவிப்பின்படி மிஷனரிப் பணிக்கு அவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். தமிழில் சரளமாகப் பேசுவார் என்பதால் மேடைக்கு முதலில் இழுக்கப்படுவது இவராகத்தான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

தங்குமிடத்துக்கு வருவோம். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். 'சி ஃபார்ம்' என்று நாம் சொல்லிப் பழகியது அதைத்தான். லாட்ஜுக்கு மட்டும் உள்ள விதி என்று பலர் நினைக்கிறார்கள். போதகர் இல்லத்துக்கும் உண்டு. எட்டுப் பேரை நாலு வீட்டில் பிரித்துப் போட்டால் நாலு வீட்டுக்காரரும் கணக்குத் தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். அதைவிட, வெளிநாட்டவரை வழக்கமாகப் பதிவு செய்யும் ஏற்காட்டு ஹோட்டலிலோ ஹோம்ஸ்டேயிலோ தங்கட்டும். பகல் முழுக்க உங்கள் வீட்டில் இருக்கட்டும், இரவுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போகட்டும்.

பணம். இதில்தான் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் உங்கள் சபைக்குக் கொடுப்பது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. பவுண்டாகக் கொடுத்தாலும் சேலத்தில் மாற்றி ரூபாயாகக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் கொடுப்பதும் அப்படியே. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் மட்டும் இந்தக் கணக்கில் வராது. இந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடையை வாங்கக் கூடாது. காணிக்கைப் பையில் போட்டாலும் நன்கொடை நன்கொடைதான். பொருளாளரிடம் சொல்லி, அந்த ஞாயிறு பை அவர்கள் வரிசையை நாசூக்காகத் தாண்டிப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

"பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குத் தரட்டுமே" என்ற யோசனை வரும். 2020 திருத்தம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில் வாங்குகிற அமைப்பு, அதைத் தானே செலவு செய்ய வேண்டும். இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பழைய லேப்டாப், கீபோர்டு, பெட்டி நிறையப் புத்தகம் என்று சபைக்குப் பொருளாகக் கொண்டுவந்தாலும் நன்கொடைதான். உங்கள் மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தால் அது தனிப்பட்ட பரிசு; ஒரு லட்சம் ரூபாய் மதிப்பு வரை பிரச்சினை இல்லை. கையைக் கட்டிப்போட்டதுபோல் அவர்களுக்குத் தோன்றும். அப்போது ஒன்று சொல்லுங்கள்: மிளகும் காப்பியும் விற்கிற சபையார் இருந்தால் அவர்களிடம் கடை விலைக்கு வாங்கட்டும், வண்டியும் சமையலும் ஊர்க்காரரிடம் பேசிக் கூலி கொடுக்கட்டும். பொருளுக்கும் வேலைக்கும் நியாய விலை கொடுப்பது நன்கொடை ஆகாது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். இலவசமாகப் பார்ப்பதென்றாலும் வெளிநாட்டு மருத்துவருக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் கண்ட ஊர் இப்போது இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய சிகிச்சைக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு, ஒரு வாரம் வந்துபோகிற டாக்டர் மருந்தை மாற்றி எழுதினால் கெடுதல்தான். சம்பளமில்லாத தன்னார்வ வேலையை ஒரு மாதம் வரை டூரிஸ்ட் விசா அனுமதிக்கிறது, வி.பி.எஸ். அதில் அடங்காது, அது வேதபாடம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார், கூலியும் அவருக்குத் தேவை.

பிள்ளைகள் இல்லம் எதற்காவது அழைத்துப் போனால் படம் எடுக்க விடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் ஒரு வாரம் என்னதான் செய்வது? 1827-லேயே லண்டன் மிஷன் சேலத்தில் கால் ஊன்றியது. 1947-ல் அந்தச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்துவிட்டன. மலையிலும் கீழேயும் உள்ள பழைய ஆலயங்களையும் கல்லறைகளையும் ஒரு நாள் சுற்றிக் காட்டுங்கள். அன்று வி.பி.எஸ்.ஸில் படித்த பிள்ளைகள் இப்போது நர்ஸாகவோ ஆசிரியராகவோ இருந்தால் ஒரு மாலை கூப்பிட்டுப் பேச வையுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்று நின்று ஏறினால் வயதானவர்கள் வாந்தி எடுத்தே ஓய்ந்துவிடுவார்கள்.

விசா படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் நண்பர்களைச் சந்திப்பது, சுற்றுலா என்று எழுதட்டும். மேலே சொன்னபடி நடந்தால் அது உண்மையும்கூட. பெட்டியில் துண்டுப்பிரதிக் கட்டு எதுவும் வேண்டாம், சொந்த வேதாகமம் ஒன்று போதும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் விசா தளத்தை ஒருமுறை அவர்களே படித்துப் பார்க்கட்டும்.