வினிகர் வாடை அடிக்கும் பிரிண்ட், குதிக்கும் ஸ்கேன்

உங்கள் பழைய பட பிரிண்டின் ஸ்கேனில் குதிக்கும் காட்சியை மென்பொருளில் நிலைப்படுத்த முயல வேண்டாம். பற்சக்கரம் இல்லாமல் ரோலரில் மட்டும் பிலிமை நகர்த்தும் ஸ்கேனரில் அந்த பிரிண்டின் ரீல்களை மறுபடி ஸ்கேன் எடுங்கள். அதுவரை புரொஜெக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

1963 படத்தின் 35 மி.மீ. பிரிண்ட், டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை, ஸ்கேனில் காட்சி மேலும் கீழும் குதிக்கிறது என்கிறீர்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதைகிறது, அதனால் சுருங்கியிருக்கும். சுருங்கினால் ஓரத் துளைகள் பற்களில் சரியாக உட்காராது. சிதைவில் வரும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதனால் வாடை வரும் ரீல்களை மற்றவற்றிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள்.

ஒரு சோதனை: இரும்பு ஸ்கேலில் 100 துளை இடைவெளிகளை அளந்து பாருங்கள். புது பிரிண்டில் சுமார் 475 மி.மீ. இருக்கும். 471க்குக் கீழே போனால் சுருக்கம் 0.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, பற்சக்கரத்தில் கிழியும். ரீலின் தொடக்கத்தில் மட்டும் அளக்காமல் உள்ளேயும் அளக்க வேண்டும். பிலிம் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் ஸ்கேனுக்கே செலவிடுங்கள். கீறல்களை அடுத்த வருடம்கூட நீக்கலாம், பிலிம் காத்திருக்காது.

அப்புறம் வெளியீடு. இந்தியச் சட்டப்படி 1963 படத்தின் 60 ஆண்டுப் பதிப்புரிமை 2023 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிகளின் உரிமை கவிஞர் இறந்து 60 ஆண்டுவரை தனியாக நிற்கும். இசைக்கும் அப்படித்தான். யூடியூபில் ஏற்றுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.