ஓரிகான் சரிவில் இரண்டாம் ஆண்டுத் திராட்சைக்கொடி: உரம் எப்போது?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் டண்டீ பக்கம் வீட்டோடு சேர்த்துக் கால் ஏக்கர் சரிவு நிலம் வாங்கினோம். போன மே மாதம் 250 பினோ நுவார் ஒட்டுக்கன்றுகள் நட்டேன், ஒயினுக்காகத்தான். இப்போது இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கின்றன. மார்ச்சில் கவாத்து செய்த கையோடு உரம் வைத்துவிடு என்கிறார் தேனி மாவட்டம் கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் அப்பா. இங்குள்ள கடைக்காரரோ, அக்டோபர் மழைக்கு முன்பே தூவியிருக்க வேண்டும் என்கிறார். 16-16-16 உர மூட்டை (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து தலா 16 சதவீதம்) ஒன்று ஷெட்டில் இருக்கிறது. எப்போது, எவ்வளவு போடுவது?

பதில்: மூட்டை மே மாதம் பாதிவரை ஷெட்டிலேயே இருக்கட்டும்.

அப்பா சொல்வது கம்பத்துக்குச் சரி. அங்கே கொடி உறங்குவதே இல்லை. வெட்டிய சில நாளில் துளிர் வந்துவிடும், மண் வெதுவெதுப்பாக இருக்கும், வேர் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் கவாத்தை ஒட்டி உரம் வைப்பது அங்கே வழக்கம். உங்கள் ஊரில் மார்ச் மண் குளிர்ந்து, மழையில் ஊறிக் கிடக்கும். மொட்டு வெடிக்கவே ஏப்ரல் பாதியைத் தாண்டும். அதுவரை புதிதாக உறிஞ்சும் வேர் அநேகமாக இருக்காது.

அப்படியானால் முதல் இலைகளுக்குச் சத்து எங்கிருந்து வருகிறது? போன ஆண்டு கொடி வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததிலிருந்து. மாவுச்சத்தும் தழைச்சத்தும் அங்கே இருப்பில் இருக்கும், வசந்தத்தின் முதல் சில வாரங்கள் அதில்தான் ஓடும். ஐந்தாறு இலை விரிந்த பிறகுதான் மண்ணிலிருந்து எடுப்பது சூடு பிடிக்கிறது. தழைச்சத்தை அதிகம் எடுப்பது பூப்பதற்கும் காய் நிறம் மாறுவதற்கும் இடைப்பட்ட காலத்தில். உங்கள் பகுதியில் அது ஏறக்குறைய ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை.

இது முதிர்ந்த கொடியின் கணக்கு. ஓராண்டுக் கன்றின் கதை கொஞ்சம் வேறு. தண்டு பென்சில் கனம், வேரும் கொஞ்சம்தான், எனவே இருப்பும் சிறிது. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தின் இருபதாண்டுக் கொடிக்கு ஒரு வசந்தத்தில் உரமே போடாவிட்டாலும் பெரிதாகத் தெரியாது, உங்கள் கன்றில் தெரியும். அதனால்தான் பூக்கும் பருவம் வரை காத்திருக்காமல், துளிர் ஒரு சாண் நீளம் வந்ததும் முதல் தவணையைக் கொடுத்துவிடச் சொல்கிறேன். மே பாதியிலிருந்து மாத இறுதிக்குள் அந்த நிலை வந்துவிடும்.

அளவு: கொடிக்கு 30 கிராம், சுமாராக இரண்டு மேசைக்கரண்டி. ஜூன் பாதிக்கு மேல், சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பூக்கும் சமயத்தில், இன்னொரு 30 கிராம். இரண்டும் சேர்த்து ஒரு கொடிக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் தழைச்சத்து. 250 கொடிக்கு 15 கிலோ உரம் என்றால், 50 பவுண்டு மூட்டையில் மிச்சம் இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று மூன்றாவது முறை போடாதீர்கள். ஜூலை பாதிக்குப் பிறகு தழைச்சத்து வேண்டவே வேண்டாம். தாமதமாகப் போட்டால் கொடி செப்டம்பரிலும் பச்சையாக நீண்டுகொண்டே போகும், தண்டு பழுப்பேறி முற்றாது. முற்றாத பகுதியை உறைபனி கருக்கிவிடும். இரண்டாவது தவணைக்கு முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். துளிர் நன்றாக ஓடி, படர்வதற்குக் கட்டிய முதல் கம்பியைத் தொட்டுவிட்ட கொடிக்கு அதுவும் தேவையில்லை.

தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, சொட்டுநீர் விழும் இடத்தில் வையுங்கள். வைத்த அன்றே தண்ணீர் விடுங்கள். உங்கள் ஊரின் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர், பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கொட்டிவிடும். கோடை வறட்சியானது. காய்ந்த மண்மேல் கிடக்கும் உரம் வேரைச் சேராது.

கடைக்காரர் யோசனையில் சிக்கலும் இந்த மழைதான். அறுவடைக்குப் பின் உரம் போடுவது வெப்பமான பகுதிகளில் நல்ல பழக்கம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பக்கம் பிப்ரவரி, மார்ச்சிலேயே அறுவடை முடிந்துவிடும், அப்புறமும் இலைகள் வாரக்கணக்கில் பச்சையாக வேலை செய்யும். அந்த வாரங்களில் கொடி கணிசமான தழைச்சத்தை எடுத்து வைத்துக்கொள்கிறது. டண்டீயில் அக்டோபரில் இலை மஞ்சளாகிறது, கூடவே மழையும் வந்துவிடுகிறது. உரத்தின் தழைச்சத்து நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றுக்கும் ஓடைக்கும்தான் போகும். இலையுதிர் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இலையைக் காப்பது. உதிர்வதற்கு முன் இலையிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கைக் கொடி தண்டுக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சாம்பல் நோய் வந்து ஆகஸ்டிலேயே இலை கருகினால் அடுத்த வசந்தத்தின் முதலீடு போய்விடும். கந்தகம் தெளிப்பதைக் கோடையில் தவற விடாதீர்கள்.

இளம் கொடிக்கு வேர் பிடிக்க மணிச்சத்து நிறைய வேண்டும் என்று மூட்டைகளில் எழுதியிருக்கும். டண்டீ குன்றுகளின் சிவப்பு மண் அமிலத்தன்மை உள்ளது, இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கொட்டுவதில் பெரிய பயன் இல்லை. இந்த மண்ணில் மணிச்சத்தை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சைதான். மணிச்சத்தை அள்ளிப் போட்டால் அந்தக் கூட்டு பலவீனமாகும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள், அமிலத்தன்மை அதிகம் என்றால் சுண்ணாம்புதான் முதல் செலவு. சாம்பல்சத்து பழத்தோடு வெளியேறும் சத்து. உங்கள் கொடியில் இந்த ஆண்டு பழமே விடக் கூடாது (கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், மனசு கேட்காதுதான்), எனவே அதற்கும் அவசரம் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டுக் கன்று வளரவில்லை என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை உரக் குறையே கிடையாது. காலடியில் புல். புல்லின் வேர் உங்கள் 30 கிராமையும் தண்ணீரையும் முதலில் எடுத்துக்கொள்ளும். கொடி வரிசையில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாமல் வைத்திருங்கள். வரிசைகளுக்கு நடுவே புல் இருக்கட்டும், சரிவில் மண் அரிப்பைத் தடுக்கும்.

அப்பா தொழுவுரம் போடச் சொல்வார். நன்றாக மக்கியது என்றால் ஏப்ரலில் மெல்லியதாகப் பரப்பலாம், அப்படிப் பரப்பினால் முதல் தவணையைப் பாதியாக்குங்கள். பச்சைக் கோழி எரு வேண்டாம். கடையில் போரான் என்ற நுண்சத்துப் பொட்டலமும் நீட்டுவார்கள். அந்தப் பகுதியில் போரான் குறைவு என்பது உண்மைதான், ஆனால் போதிய அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பரிசோதனை அறிக்கை கையில் வரும்வரை வாங்காதீர்கள்.