68 வயது அப்பாவின் தோள்: தைப்பதா, மூட்டை மாற்றுவதா?

வணக்கம். அப்பாவின் தோளில் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) முழுதாகக் கிழிந்து உள்ளே சுருங்கிவிட்டன, ஒரு மருத்துவர் தைக்கலாம் என்கிறார், இன்னொருவர் மூட்டையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கூட்டாலியே 3' என்று இருப்பதாகச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்பதை 0 முதல் 4 வரை காட்டும் அளவுகோல் அது. 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி. அப்படிப்பட்ட தசையை இழுத்துத் தைத்தாலும் மறுபடி பிய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியாத நிலையில், இந்த வயதில், தலைகீழ் தோள் மூட்டு மாற்றுதான் பொருத்தமாக எனக்குப் படுகிறது. பிரான்சில் போல் கிராமோன் என்ற அறுவை மருத்துவர் 1985இல் உருவாக்கிய முறை. பந்தைத் தோள்பட்டை எலும்பிலும் கிண்ணத்தை மேற்கை எலும்பிலும் இடம் மாற்றிப் பொருத்துவார்கள். கிழிந்த தசைகளின் வேலையை, தோளை வெளியே மூடியிருக்கும் டெல்டாயிட் தசை ஏற்றுக்கொள்ளும். ஆகவே டெல்டாயிடும் அதன் நரம்பும் நன்றாக இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். கை மேலே போகும். ஆனால் வெளிப்பக்கம் திருப்பும் வலு முழுதாகத் திரும்பாமல் போகலாம். கிருமித்தொற்று, மூட்டு விலகல் ஆகிய அபாயங்களும் உண்டு.

தசைநாண் இடமாற்றம், அதாவது வேறொரு தசையின் நாணை எடுத்துக் கிழிந்ததன் வேலைக்குப் பொருத்துவது, பெரும்பாலும் வயது குறைந்தவர்களுக்கு, மூட்டுத் தேய்மானம் இல்லாதபோது செய்யப்படுகிறது. தோள் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோலப் பலூன் வைக்கலாம் என்றால் தயங்குங்கள். 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அதனால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

இயன்முறைப் பயிற்சியைச் சில மாதங்கள் முறையாகச் செய்து பார்த்தாரா? எக்ஸ்-ரேயில் தேய்மானம் தெரிகிறதா? இரண்டையும் எழுதுங்கள்.